அக்காவுக்கு வந்த முக்கால் மணி நேரம்

கடிதம் வந்த அன்று அப்பா அதை நின்றபடியே படித்தார். காது கேளாத என் அக்காவுக்கு, ஓர் அறக்கட்டளையின் உதவித் திட்டத்தில் இடம் கிடைத்திருந்தது. தையல் மெஷின், அதற்கான பயிற்சி, போய்வர பஸ் செலவு, கூடவே பத்து முறை மனநல ஆலோசகரிடம் பேசுவதற்கான ஏற்பாடு. மற்றவற்றுக்கெல்லாம் தலையாட்டிய அப்பா கடைசி வரியில் நின்றுவிட்டார். "மெஷின குடுத்தா போதாதா? வாய் பேச முடியாதவள உட்கார வெச்சு என்னத்தப் பேசச் சொல்றாங்க?" என்றார். அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, என்ன சொல்கிறார் என்று என்னிடம் கையால் கேட்டாள். அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று சொன்னேன். இப்படி மாற்றிச் சொல்வதில் நான் அதற்குள் தேர்ந்துவிட்டிருந்தேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். காது கேளாதோர் பள்ளியில் அவள் கற்று வந்த சைகை மொழியை வீட்டில் நான் ஒருத்திதான் முழுதாகக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்குச் சாப்பாடு, குளியல், தலைவலி என்று பத்துப் பதினைந்து சைகைகள் தெரியும். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் கணக்கராக இருந்த அப்பாவுக்கு அதுவும் தெரியாது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அக்காவிடம் கேட்க வேண்டியதை எல்லோரும் என்னைப் பார்த்தே கேட்பார்கள். அவளுக்காக நான் பதில் சொல்வேன். சில சமயம் அவளிடம் கேட்காமலே சொல்வேன். 'தங்கச்சி இல்லன்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்' என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகரின் அறை தில்லை நகரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி அவர். கேள்வி கேட்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். நான் அவளுக்குச் சைகையில் சொல்லி முடிக்கும்வரை அங்கிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அப்படி ஒருவரை அக்கா அதற்குமுன் பார்த்ததில்லை. முதல் இரண்டு வாரமும் பள்ளிக்கூடம், தையல், பிடித்த சாப்பாடு என்று எளிதாகப் போயின. அம்மா திட்டுவதைப் பற்றி அக்கா சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் அவர் கேட்டார்: "வீட்டுல உங்கள ரொம்ப நோகடிச்ச நாள் எதுங்க? சொல்லணும்னு தோணுச்சுன்னா மட்டும் சொல்லுங்க."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் கைகள் எழுந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். மணப்பாறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த நாள் அது. மூத்தவளைப் பற்றி இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று தரகர் சொல்லியிருந்தார். காலையில் அக்காதான் என் புடவைக்கு மடிப்பு வைத்து, எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். காபித் தட்டை நான் எடுத்து வருகிறேன் என்று ஆசையாகக் கேட்டாள். நான் ஒரு ஜாக்கெட்டை அவள் கையில் கொடுத்து, கொக்கி தைத்து வா என்று மாடி அறைக்கு அனுப்பினேன். பின்னாலேயே போய் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாளைத் தள்ளும் அந்தச் சைகையைச் செய்துவிட்டு அக்கா விரலை என் பக்கம் நீட்டினாள். கோபமில்லை அவள் முகத்தில். யார் செய்தது என்று சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள்.

அதன்பின் அவள் சொன்னது எனக்கும் தெரியாதது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாளாம். நிறையப் பேர் நடப்பது கையில் தெரிந்ததாம். மணி ஒன்று, இரண்டு, மூன்று. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்ததாம். கதவைத் தட்டலாம் என்று கையைத் தூக்கியிருக்கிறாள். தட்டினால் கீழே வந்திருப்பவர்களுக்குக் கேட்டுவிடும், தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்று கையை இறக்கிக்கொண்டாளாம். கடைசியில் அடக்க முடியாமல் அங்கேயே நனைந்து, பழைய துணியால் தரையைத் துடைத்து, அங்கே கொடியில் கிடந்த வேறொரு புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது, கொக்கி தைத்த ஜாக்கெட்டை மட்டும் என்னிடம் நீட்டினாள். புடவை ஏன் மாறியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பார்த்தேனா என்றுகூட இப்போது நினைவில்லை. அந்தச் சம்பந்தமும் ஜாதகம் பொருந்தவில்லை என்று கைவிட்டுப் போனது.

ஐந்து நிமிடமாவது சொல்லியிருப்பாள். ஆலோசகர் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மழை பேஞ்சா வெளிய எங்கயும் போக முடியறதில்ல, அதான் கஷ்டமா இருக்குன்னு சொல்றா மேடம்."

"இவ்வளவு நேரம் சொன்னாங்களே. இவ்வளவுதானா?"

"ஆமாங்க மேடம்."

அக்காவுக்கு உதட்டசைவு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் என் பேச்சு எவ்வளவு குட்டையாக இருந்தது என்று பார்க்கத் தெரியும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆலோசகர் நோட்டை மூடினார். "அடுத்த வாரம் சைகை மொழி தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர் வருவாங்க. நீங்க வெளிய உட்கார்ந்துக்கோங்க. உங்களக் குத்தம் சொல்லலைங்க. இந்த உதவி அவங்க பேர்ல வந்தது. இந்த முக்கால் மணி நேரமும் அவங்களோடது." குரலைக்கூட உயர்த்தவில்லை. திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை நான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

மறுவாரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவில் கண்ணாடி பதித்திருந்தது. அக்காவின் கைகள் அவ்வளவு வேகமாக அசைந்து நான் பார்த்ததில்லை. எனக்காக இத்தனை வருடம் மெதுவாகப் பேசியிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். திருப்பவில்லை. என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள், கண்ணாடிக்கு மேலிருந்த திரையை இழுத்து மூடினாள், போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் தனியாகவே போய் வந்தாள்.

எனக்கு வேறு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது, அக்காவைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் சொல்லவில்லை. காபித் தட்டை அக்காவே எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தாளை வாங்கி, 'நான் மூத்த பெண். காது கேட்காது. தையல் தெரியும்' என்று எழுதி நீட்டினாள். அந்த அம்மா படித்துவிட்டு, "உட்காரும்மா" என்று பக்கத்தில் இடம் விட்டார். அவர்தான் இன்று என் மாமியார்.

அக்கா இப்போது ஸ்ரீரங்கத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மன்னிப்புக் கேட்டேன். தில்லை நகர் அறையில் நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள். நான் சொன்னதை விட்டுவிட்டு வேறு என்ன சொன்னாய் என்று கேட்டாள். மழை என்று சைகை காட்டும்போது என் விரல்கள் சரியாக விழவில்லை. இரண்டாவது முறை காட்ட வேண்டியிருந்தது.

எனக்கு மழை பிடிக்குமே என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள மனம் பறந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை அவள் சொன்னதாக ஆக்கும் வேலையை இனி நான் செய்வதில்லை.