கோட்டின்மேல் உட்கார்ந்த புள்ளிகள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. புனேயில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு. நான் அப்போது துகள் இயற்பியலில் ஆராய்ச்சி மாணவி. புரோட்டான்களை அதிவேகத்தில் மோதவிட்டால் கேயான் என்கிற குட்டித் துகள்கள் எத்தனை பிறக்கின்றன என்று எண்ணுவதுதான் என் வேலை. மோதல் நடப்பது எங்கோ ஐரோப்பாவில். எண்ணுவது எங்கள் சாப்பாட்டு மேஜையில்.

மறுநாள் மதியம், பல நாட்டு விஞ்ஞானிகள் கூடும் இணையக் கூட்டத்தில் முதல்முறையாக என் முடிவைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்றால்தான் ஆய்வேடு எழுதவே உட்காரலாம். வரைபடமோ அத்தனை அழகாக வந்திருந்தது. கோட்பாடு சொல்லும் கோட்டின்மேலேயே என் புள்ளிகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. கையில் போஹா என்கிற அவல் உப்புமாத் தட்டோடு வந்து பார்த்தார்.

"ஒரு புள்ளிகூட விலகலையே. எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா, டெஸ்ட்டே ஓடலைன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இயற்பியலைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று பொரிந்து தள்ளிவிட்டேன். மனிதர் போஹாவைச் சாப்பிட்டு முடித்தார். ஆனால் என் மனசு கேட்கவில்லை. எண்ணிக்கை போடும் புரோகிராமை மேலிருந்து வரி வரியாகப் பார்த்தேன். தப்பு அகப்பட்டது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கோட்பாட்டின்படி கணினியே உருவாக்கிய போலி மோதல்களில் முதலில் எண்ணிப் பழகுவோம். அது சரியாக வந்த பிறகுதான் நிஜ மோதல்களின் தரவைத் திறப்போம். நான் திறக்கவே மறந்திருக்கிறேன். போலியைப் போலியோடு ஒப்பிட்டு, ஆஹா பொருந்துகிறது என்று குதித்திருக்கிறேன்!

நிஜத் தரவைக் கொடுத்து ஓட்டினேன். திங்கள் காலைதான் முடிவு வந்தது. கடைசி மூன்று புள்ளிகள் கோட்டுக்கு மேலே விலகி நின்றன. கோட்பாடு சொன்னதைவிட அங்கே கேயான்கள் அதிகம். கூட்டத்தில் இரண்டு படங்களையும் காட்டி, நடந்த கூத்தை ஒளிக்காமல் சொன்னேன். தலைமை தாங்கிய பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். மாணவியாக இருந்தபோது அவரும் இதே தப்பைச் செய்தாராம். அப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் அந்த மூன்று புள்ளிகளைப் பற்றியே கேட்டார்கள். ஆய்வேட்டைத் தொடங்கவும் சொல்லிவிட்டார்கள்.

உடனே கணவருக்குப் போன் போட்டு, திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அது இருக்கட்டும். அந்த மூணு மட்டும் ஏன் மேல நிக்குது?"

"தெரியல" என்றேன்.

அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.