தொடாதே என்று சொன்ன கெர்னல்

செவிலிமேட்டில் நான் வேலை பார்க்கும் பிரெயில் அச்சகத்தில் நாங்கள் இரண்டே பேர். கணினிக்குப் பொறுப்பு என் சக ஊழியர். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்லும். காதால் கேட்டுக்கொண்டே அவர் அதைக் கையாள்வார்.

கணினி லினக்ஸில் ஓடுகிறது. அதன் அடிப்படை நிரலான கெர்னல், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புதிதாக வந்து பழையதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் அச்சு இயந்திரமோ ஒரே ஒரு பழைய கெர்னலில்தான் ஓடும். அதை யாரும் நீக்கிவிடாதபடி அவர் பூட்டி வைத்திருந்தார்.

போன வருடம் கெர்னல்கள் இருக்கும் பகுதி நிரம்பி, புதுப்பிப்பு நின்றுபோனது. நிர்வாகம் ஒரு டெக்னீஷியனை அனுப்பியது. நாற்பது வயதிருக்கும்.

"நடுவுல இருக்குற ரெண்டு மூணு எடுத்துடுங்க. ரொம்பப் பழசா ஒண்ணு இருக்குது பாருங்க, அத மட்டும் தொடாதீங்க. பிரின்டர் அதுலதான் ஓடுது" என்றார் என் சக ஊழியர்.

அவன் என்னைப் பார்த்துப் பதில் சொன்னான். "இவரு எதுக்கு சார் டென்ஷன் ஆவறாரு? எல்லாம் குப்பை. புதுசு ஒண்ணு இருந்தா போதும்."

"அவர்கிட்டயே சொல்லுங்க" என்றேன். அதற்கு மேல் பேசாமல் விட்டேனே, அது இன்றும் உறுத்துகிறது. பூட்டைக் கழற்றி, அந்தக் கெர்னலையும் நீக்கிவிட்டுப் போனான்.

இயந்திரம் ஊமையானது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகம் பாதியில் நின்றது.

"கண்ணுதான்பா தெரியாது எனக்கு. வாயுமா இல்ல? என் எதிர்லயே என்னப் பத்தி உன்கிட்ட பேசறான்!" என்றார் அவர். அந்தக் கோபத்தோடே பழைய கெர்னலை இணையத்தில் தேடி இறக்கி நிறுவினார். கணினி கிளம்பும்போது, எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்டு வரும் பட்டியலை மட்டும் அது வாசித்துச் சொல்லாது. நான் வரிவரியாகப் படித்தேன், அவர் விசையை அழுத்தினார். இயந்திரம் தடதடக்கத் தொடங்கியது. உடனே மறுபடி பூட்டினார்.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்டு அவன் தாளை என்னிடம் நீட்டினான்.

"பொறுப்பு அவரு. அவர்கிட்ட கேளுங்க" என்றேன்.

வேறு வழியின்றித் திரும்பினான். "சார்…"

"அன்னிக்கி நான் இன்னா சொன்னேன்? சொல்லுங்க."

ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான். அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை.