அக்கா தேய்த்த மஞ்சள் கோட்டு

என் அக்காவுக்குத் துணியில் சுருக்கம் இருந்தால் ஆகாது. தட்டு துடைக்கிற துணியைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைப்பவள். கல்யாணமான மறுநாள் மாமாவின் கைக்குட்டையைக் கத்தி மாதிரி மடித்துக் கொடுத்தாள். அதில் மூக்கைச் சிந்த மனசு வராமல் பாவம் அவர் நாள் முழுக்கச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டார். சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்தப் பழக்கத்துக்குள் எமன் உட்கார்ந்திருந்தது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எங்கள் மூவருக்கும் ஒரே இடத்தில்தான் பிழைப்பு. பத்திரிகை டிப்போ. விடிகாலை மூன்றரைக்கு லாரியில் கட்டுகள் வந்து இறங்கும். நாலு மணிக்கு முப்பது பேர் சைக்கிளில் கிளம்புவார்கள். மாமா அவர்களில் ஒருவர். நான் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். அக்காவுக்குத் துவைக்கிற வேலை. சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு வில்லையைப் பத்திரிகைப் பை மறைத்துவிடும். அதனால் வெள்ளிப்பட்டை தைத்த மஞ்சள் கோட்டு போடாமல் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது. வண்டி வெளிச்சம் பட்டால் அந்தப் பட்டை பளீரென்று மின்னும். அதுதான் அவர்களுக்கு உயிர்க்காப்பு.

அந்த முப்பது கோட்டும், ஆளுக்கொரு மாற்றுக் கோட்டும் அக்கா பொறுப்பு. சும்மா துவைத்தாளா? கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, வாசனைத் திரவத்தில் அலசி, காய்ந்ததும் இஸ்திரிப் பெட்டியை முழுச் சூட்டில் வைத்துத் தேய்ப்பாள். வெள்ளிப்பட்டை கொஞ்சம் சுருங்கும், அதனால் அதன்மேல் பெட்டியை நிறுத்தி அழுத்துவாள். கழுத்தில் உறுத்துகிறது என்று யாரோ ஒருவர் சொன்னதற்காக, எல்லாக் கோட்டிலிருந்தும் உள்பக்கத் துணிச்சீட்டை வெட்டி எறிந்தாள். அதில் என்ன போட்டிருக்கிறது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த வாசனைத் திரவத்தை டப்பா டப்பாவாக வாங்கிக் கொடுத்தவள் நான். எனக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

ஒருத்தன் மட்டும் அவளிடம் கோட்டைக் கொடுக்கவே மாட்டான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அழுக்கு மூட்டை.

"குடுடா, நாறுது."

"எனக்கு நாறலக்கா. நாறுனா நீ தள்ளி நில்லு."

அதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில், கட்டுகளை இறக்க வந்த லாரி டிரைவர் அக்காவிடம் வந்து நின்றார். "உங்க ஆளுங்க ரோட்டுல தெரியவே மாட்டேங்குறாங்கம்மா. கிட்ட வந்தப்புறம்தான் மனுசன்னே தெரியுது. நேத்து ஒருத்தர மயிரிழையில தப்ப விட்டேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. "என் துணியில ஒரு கறை காட்டுங்க பாப்போம்" என்று ஒரு கோட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். எலுமிச்சம்பழ மஞ்சள், கண்ணைப் பறித்தது. "போயி கண்ணாடி மாத்துங்கண்ணே" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்து அதையே சொன்னார். இந்த முறை கெஞ்சினார். அக்கா வீம்புக்கு எல்லாக் கோட்டையும் இரண்டு தடவை ஊறவைத்தாள். மாமாவின் கோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து ராத்திரி இரண்டு வாட்டி தேய்த்தாள். அவர் போவது புறவழிச்சாலை. அங்கே தெருவிளக்கு கிடையாது, லாரிகள்தான்.

மறுநாள் விடிகாலை அவர் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டிப்போவில் கரண்ட் போனது. ஸ்டோருக்குள் இருந்த நான் போனில் டார்ச் போட்டேன். கொடியில் மாற்றுக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. பழைய சாக்குகள் மாதிரி தொங்கின. மூலை ஆணியில் மட்டும் ஏதோ பளீரென்று என் கண்ணில் அடித்தது. அன்று லீவு போட்டிருந்த அழுக்கு மூட்டையின் கோட்டு.

அதன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெட்டாத துணிச்சீட்டில் ஒரு இஸ்திரிப் பெட்டியின் படம், அதன்மேல் பெருக்கல் குறி.

அக்காவை இழுத்து வந்து காட்டினேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. டார்ச்சை என்னிடமிருந்து பிடுங்கி, கோட்டு கோட்டாக அடித்துப் பார்த்தாள்.

"லைட் வெளிச்சத்துலதானடி பாத்தேன்" என்றாள். "எல்லாத்தையும் வெளிச்சத்துலதானே பாத்தேன்."

மாமாவுக்குப் போன் அடித்தேன். அது அவர் லாக்கருக்குள்ளேயே அடித்தது. மற்றவர்கள் போவது விளக்கு எரிகிற தெருக்கள். மாமா மட்டும்தான் இருட்டில் இருந்தார். என் ஸ்கூட்டரை எடுத்தேன். அழுக்கு மூட்டையின் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா பின்னால் ஏறினாள்.

புறவழிச்சாலையில் ஏறியதும் என் ஹெட்லைட் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ரோடு காலியாகக் கிடந்தது. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்க யாருமே இல்லடி. தூரம் போயிட்டாரு போல. வேகமா போ."

வேகத்தைக் கூட்டினேன். எதிரே ஒரு லாரி கண்ணைக் கூசவைத்தபடி கடந்து போனது. அப்போதும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள், "யாரும் இல்ல, போ, போ." இருட்டு திரும்பக் கூடியபோது எனக்கு முன்னால் ஒரு பத்திரிகைப் பை இருந்தது. பிரேக்கில் கை போவதற்குள் மோதிவிட்டேன்.

நாங்கள் இருவரும் மண்ணில் விழுந்தோம், சிராய்ப்போடு போயிற்று. மாமாவின் தலை சாலையோரக் கல்லில் பட்டிருந்தது. அக்கா தவழ்ந்து போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார்.

"நீங்களா? இந்நேரத்துல எதுக்கு வந்தீங்க?"

அவர் பேசியது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் போலீஸ்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவரை எப்படிப் பார்க்காமல் விட்டீர்கள் என்று கேட்டார். மஞ்சள் கோட்டு போட்டிருந்தாரா என்று கேட்டார். போட்டிருந்தார் என்றேன். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோதுனது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து நின்றாள்.

"நான்தான் சார்" என்றாள்.

அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது.