அண்ணாச்சிக்கு வந்த மூன்று கோன்த்து

மொழிபெயர்ப்புத் தொழிலில் நம்மைக் கவிழ்ப்பது தெரியாத சொல் அல்ல, தெரிந்த சொல். தெரியாததற்கு அகராதி பார்த்துவிடுவோம். உங்களுக்கும் அப்படி ஒன்று வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது ஒரு போர்ச்சுக்கீசியச் சொல்.

பெட்டியில் கிடந்த கடிதம்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், கழக்கூட்டத்தில் இருக்கும் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குப் பழைய கடிதம் ஒன்றோடு வந்தார். அவருடைய அப்பா இளவயதில் மொசாம்பிக்கில் துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியவருக்கு அங்கிருந்த கூட்டாளி போர்ச்சுக்கீசியத்தில் எழுதியது. அப்பா காலமான பிறகு பெட்டியில் அகப்பட்டதாம்.

அதில் 'கோன்த்து' என்று வந்தது. போர்ச்சுக்கீசிய வகுப்பில் முதல் மாதமே படித்த சொல். கதை என்று பொருள். தாத்தாவும் ஆச்சியும் சொன்ன கதைகளிலேயே வளர்ந்தவனுக்குச் சந்தேகம் வருமா? 'உன் மகனுக்கென்று நீ விட்டுப்போன மூன்று கதைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன' என்று எழுதிக்கொடுத்தேன். அண்ணாச்சி இரண்டு தடவை வாசித்தார்.

"எங்கப்பா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுனா அதிகம், தம்பி. எனக்குன்னு கதையா வச்சிருந்தாரு?"

பக்கத்து சீட்

பிறகு தினமும் போன். கப்பல் கதையாக இருக்குமா, காட்டுக் கதையா, கூட்டாளியின் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கலாமா என்று கேட்பார். எனக்கும் வேலை ஓடவில்லை. மழையில் ஹைவே வண்டிகள் அலுவலக ஜன்னல் கண்ணாடியில் கரைந்து போகும். கடலுக்கு அப்பால் யாரோ மூன்று கதைகளைத் துணியில் முடிந்து வைத்துக் காத்திருப்பதுபோல் தோன்றும்.

பக்கத்து சீட் ஷைனி ஒருநாள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். போர்ச்சுக்கீசியத்தில் எண்ணுவதற்கும் கதை சொல்வதற்கும் ஒரே வினைச்சொல். எண்ணுவதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் பிறந்த கோன்த்து, கதையும் ஆகும், எண்ணி முடித்த பெருந்தொகையும் ஆகும். முதலில், பழைய காசில், பத்து லட்சம் ரெய்ஸ். நாணயம் மாறியபின் ஆயிரம் எஸ்குடோ. மொசாம்பிக்கில் விடுதலைக்குப் பின்னும், போர்ச்சுக்கீசியர் நாட்டில் யூரோ வந்ததும் அந்த நாணயமே போயிற்று. இவ்வளவையும் விளக்கிவிட்டு மலையாளத்தில் முடித்தாள்.

"எடா, இது கதையல்ல, காசாணு."

மிளகு மூட்டைக்கு நடுவில்

போனில் சொல்ல வாய் வரவில்லை. நேரில் போனேன். அது மூவாயிரம் எஸ்குடோ, அந்தக் காசே இப்போது உலகத்தில் இல்லை, தப்பு என்னுடையது, கூலி வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். அண்ணாச்சி உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த மிளகைத் திரும்ப மூட்டையில் கொட்டினார்.

"வெறும் காசுதானா? எங்கப்பா பேசிட்டாருன்னுல்லா நெனச்சேன்."

பிழையைத் திருத்தியதற்காக வாடிக்கையாளர் வருத்தப்படும் தொழில் நம்முடையது ஒன்றுதான் போலிருக்கிறது.