மூன்று கூண்டுகளும் கறுப்புத் துணியும்

பத்தொன்பது பிள்ளைகள். போன வாரம் பள்ளிப் பேருந்து பாலத்தில் வழுக்கியபோது உள்ளே இருந்தவர்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால், “வெறும் ஈரம்தான், உறைஞ்சிருக்காது, போ” என்று ஓட்டுநரான தம்பிக்குச் சொன்னவள் இவள்தான். துணி தைத்துப் பிழைப்பவள். கொல்லையில் வெப்பமானி வைத்துத் தெருவுக்கே குளிர் சொல்வதால் பட்டப்பெயர் ‘டிகிரி அக்கா’.

கொல்லைக் கம்பத்தில் மூன்று வெப்பமானிகள். ஒவ்வொன்றும் வெயிலை மறைத்துக் காற்றை மட்டும் விடும் வெள்ளைக் கூண்டுக்குள். ஒன்று, பூந்தொட்டித் தட்டுகளை அடுக்கி அவளே செய்தது. அடுத்தது கடையில் வாங்கியது. மூன்றாவதில் காற்றை இழுக்க ஒரு சின்ன விசிறி. பேருந்து வழுக்கிய அன்று, முதலிரண்டு கூண்டுகளும் பிளஸ் இரண்டரை காட்டின. விசிறிக் கூண்டு மைனஸ் அரை. இரண்டு சாட்சி ஒன்றாகச் சொன்னால் மூன்றாவது பொய் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இன்றும் அதே வானம். தரையெல்லாம் வெண்பனி, இலை அசையாத பிற்பகல், பளீரென்று வெயில். மணி இரண்டு பத்து. பிளஸ் இரண்டு, பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்று. இரண்டரைக்குப் பேருந்து கிளம்பும்.

குனிந்து தட்டுகளின் அடியில் பார்த்தாள். கண் கூசியது. மேலே மறைத்த வெயில், பனியில் பட்டுக் கீழ்வழியாக ஏறி, விசிறி இல்லாத இரண்டு கூண்டுகளையும் சூடேற்றிக்கொண்டிருந்தது! உள்ளே ஓடினாள். கோட்டுக்கு உள்துணியாக வாங்கிய கறுப்புத் துணி நான்கு மீட்டரையும் அள்ளி வந்து, வெயில் எதிரொளிக்காதபடி கம்பத்தடிப் பனிமேல் விரித்தாள்.

போன் அடித்தது. தம்பி.

“என்னக்கா, கூண்டுங்களோட பஞ்சாயத்து முடிஞ்சுதா?”

“பொறுடா, இறங்குது.”

“இங்க எல்லாரும் ஏறியாச்சு. பாலமா, சுத்துப் பாதையா? சுத்திப் போனா மேனேஜர் என்னை வறுத்து எடுத்துடுவாரு.”

ஒன்று. அரை. தட்டுக் கூண்டு பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போனது. வாங்கிய கூண்டும் பின்னாலேயே. விசிறிக் கூண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாலத்துல ஏறாதடா. விசிறி சொன்னதுதான் நிஜம். போன வாரமும் அதுதான் நிஜம். தப்பு என்னோடது.”



“அதை நீயே மேனேஜர்கிட்ட சொல்லிடுக்கா. நான் சொன்னா கதைன்னுவாரு.”

பேருந்து சுற்றுப் பாதையில் திரும்பியது. கடைசிப் பிள்ளை வீட்டு வாசலில் இறங்கும்போது இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.