எல்வா நோஸ்கியின் வலது கை

வில்காரா சாலையில் எதிரே வண்டி வந்தால் ஓட்டுகிறவர் ஒரு விரலைத் தூக்க வேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து படுக்கும். தெரிந்தவர், தெரியாதவர், ஜென்மப் பகைவர் எல்லோருக்கும் அதே விரல்தான். வேலித் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்கள் சாகிற வரை பேசவில்லை. விரல் தூக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. தூக்காதவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். அல்லது உடம்புக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் கிடையாது.

எல்வா நோஸ்கி முழுக் கையையும் தூக்குவாள். ஊரோடு சேர்ந்து ஊரின் கண்களுக்கும் வயசாகிவிட்டது. பூச்சி அப்பிய கண்ணாடிக்குப் பின்னால் எழும் ஒற்றை விரல் புரை விழுந்த கண்ணுக்கு எப்படித் தெரியும்? "தெரியலைன்னா தூக்கி என்ன புண்ணியம்?" என்பாள். அதனால் வலது கை, காது உயரத்துக்கு, ஐந்து விரலும் விரிய. கூடவே வருவது யார் என்று தலையையும் திருப்பிப் பார்ப்பாள்.

அந்தக் கையால்தான் அவளுடைய லைசென்ஸ் போகப் பார்த்தது.

எண்பத்தைந்து வயசானவர்கள் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அந்த மாநிலத்துச் சட்டம். பெரிய ஊரிலிருந்து மாதத்துக்கு ஒருநாள் வில்காராவுக்கு வரும் ஃபாரன்ட் என்ற அதிகாரி, தபால் நிலைய வாசலில் அவள் காரிலிருந்து இறங்கி, இல்லை என்று தலையாட்டினான்.

"எதிர்ல வந்த ஒவ்வொரு வண்டிக்கும் கையை எடுத்தீங்க."

"ஆமா. பின்னே?"

"ஒரு இடத்துல பின்னாடி திரும்பியே பாத்தீங்க."

"அது லெஸ். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா. அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்" என்றான் ஃபாரன்ட்.

கெட்டவன் இல்லை. சட்டத்தில் இன்னொரு வழியும் இருந்தது, அதையும் சொன்னான். டெஸ்ட் கொடுக்காமலே ஒரு லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஓட்டலாம்.

"பதினஞ்சுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? டேரல் மாஹெரோட ஆடுங்க. ஆட்டைப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பணும். இந்த ஊருக்கு வரவே எனக்கு முப்பது ஆகுது. டாக்டர்கிட்ட போகணும்னா நூறு."

"ஊருக்குள்ள குடிவந்துடலாமே. உங்க வயசுல பலபேர் அப்படித்தான்..."

"பலபேர் செத்தும் போறாங்க. அதுக்காக?"

ஃபாரன்ட் தன் தாளைப் பார்த்துத் தேதியைச் சொன்னான். பழைய லைசென்ஸ் அவளுடைய பிறந்தநாள் வரை செல்லும். அதற்குள் அவன் இன்னும் ஒரு தடவைதான் வருவான். அன்று தேறினால் உண்டு.

அவள் முதலில் ஓட்டியது கோதுமை லாரி. பன்னிரண்டு வயசில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, அப்பாவின் லாரியை ஊர்த் தானியம் கொட்டிவைக்கும் குதிரடிக்குக் கொண்டுபோனாள். ஹெர்ப் நோஸ்கியைக் கட்டிக்கொண்ட பிறகு டிராக்டர், அறுவடை இயந்திரம். பிள்ளை இல்லை. பிறகு பள்ளி பஸ். முப்பது வருஷத்துக்கும் மேலே அதுதான் வாழ்க்கை. முதலில் ஒரு சீட்டில் மூன்று பேர் என்று பிள்ளைகள் நெருக்கியடித்து வந்தார்கள். தினம் ஒன்றாவது வாந்தியெடுத்தது. பிறகு நாலு பண்ணை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. இயந்திரங்கள் பெரிதாகப் பெரிதாக ஆட்கள் குறைந்தார்கள். விற்றுவிட்டுப் போனவர்களின் சமையலறைகளில் ஆடுகள் படுத்தன. கடைசி வருஷம் பஸ்ஸில் இரண்டே பிள்ளைகள், அண்ணனும் தங்கையும். சண்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஒன்றும் பின்சீட்டில் ஒன்றுமாக உட்கார்ந்துவந்தார்கள். அவர்களும் போனபோது பஸ்ஸை நிறுத்தினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை எல்வா தன் காரை எடுத்துக்கொண்டு பண்ணைக்காரன் கீத் டால்கிளீஷின் கேட்டில் போய் ஹாரன் அடித்தாள். கீத்துக்கு அன்று பல் டாக்டர். அப்படி ஆரம்பித்தது. கீத்துக்கு ஒரு கண் போய், மற்ற கண்ணைக் காப்பாற்ற மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்றானபோது அவள்தான் அழைத்துப்போனாள். ஹட்டன் சகோதரிகள் சேர்ந்துகொண்டார்கள்; மூத்தவளுக்கு இடுப்பு, இளையவளுக்கு இதயம். எல்வாவின் கார் நின்றால் அந்த இரண்டு வீடுகளும் பூட்டப்படும், மூன்றாவதாக அவளுடையதும். முதியோர் விடுதியில் ஹட்டன்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடமில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆளுக்கொரு ஊரில் தள்ளிவிடுவார்கள்.

முந்தைய குளிர்காலத்தில் வில்காரா மண்டபத்துக்கு வேறொரு அதிகாரி படங்களோடு வந்து, கீழே இறங்கும் கோடு ஒன்றைக் காட்டினான். இன்னும் இருபது வருஷத்தில் இந்த வட்டாரத்தில் ஆள் இருக்காது என்றான்.

"இருபது வருஷம் கழிச்சு நீங்க வேலையில இருப்பீங்களா?" என்று கேட்டாள் எல்வா.

"ஓய்வு வாங்கியிருப்பேன்."

"அப்போ நாங்க பாத்துக்கறோம்."

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டெஸ்ட்டில் தோற்றதை அவள் கீத்திடம் மட்டும் சொன்னாள். "ஊர்ல மூச்சு விட்டே, கொன்னுடுவேன். ரெண்டாவது தடவையும் போச்சுன்னா நானே சொல்லிக்கறேன்."

"கையைத் தூக்காம ஓட்டினாப் போச்சு. இதுல என்ன இருக்கு?" என்றான் கீத்.

அவன் பண்ணைக் கொட்டகைக்கு முன்னால் பழகினார்கள். எல்வா காரில் மெதுவாக வருவாள். கீத் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து எதிரே வந்து விரலைத் தூக்குவான்.

"தூக்கிட்டே."

"தூக்கலை."

"கிழவி, எனக்கு ஒரு கண்ணு இன்னும் தெரியுது."

மறுபடி வந்தார்கள். மறுபடி கை எழுந்தது. நாலைந்து முறைக்குப் பிறகு கீத் இறங்கி வந்து வைக்கோல் கட்டும் கயிற்றால் அவள் மணிக்கட்டை ஸ்டியரிங்கோடு கட்டினான். கயிறு இழுபட்டது, கார் வளைந்து தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு நின்றது.

"கயித்தோட டெஸ்ட்டுக்குப் போனா அந்த ஆளு சந்தேகப்படுவான்" என்றான் கீத்.

அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தன் விரலைத் தூக்கறான், நான் பேசாம போறேன். மூஞ்சியில துப்பிட்டுப் போற மாதிரி இருக்கு, கீத்."

"துப்பு. ஒரே ஒரு நாள்தான்."

ஃபாரன்ட் வந்த அன்று காலையில் பனி விலகியிருந்தது. ஊர் வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோவை எல்வா அணைத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். ஃபாரன்ட் பக்கத்தில் உட்கார்ந்தான். குதிர் வரை போய்த் திரும்ப வேண்டும்.

முதலில் எதிரே வந்தது டேரல் மாஹெரின் தானிய லாரி. அந்த வட்டாரத்து நிலத்தில் பாதி அவனுடையது. ஒருகாலத்தில் அவள் பஸ்ஸில் பின்சீட்டு வாண்டு. டேரல் விரலைத் தூக்கினான். எல்வா நேரே பார்த்துக்கொண்டு போனாள். பக்கக் கண்ணாடியில் லாரியின் பிரேக் விளக்கு எரிவது தெரிந்தது. அடுத்து லெஸ் வந்தான். அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ரேடியோவில் என்ன நடந்தது என்பது பிறகு டேரல் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"எல்வா இப்ப என்னைத் தாண்டிப் போச்சு. கை தூக்கலை."

"எந்த எல்வா?"

"எத்தனை எல்வா இருக்கு நம்ம ஊர்ல?"

"எனக்கும் தூக்கலை" என்று லெஸ்ஸின் குரல். "சிலை மாதிரி உக்காந்திருந்தா. பக்கத்துல ஒருத்தன். டை கட்டியிருக்கான்."

"டையா?"

கேட்டவர்கள் எல்லோரும் சாவியை எடுத்தார்களாம். வண்டிகள் கிளம்பின.

எல்வா கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரு பிக்கப். சற்று நேரத்தில் மூன்று. அதற்கும் பின்னால் புழுதியில் டேரலின் லாரி.

"இங்க எப்பவும் இவ்வளவு வண்டி வருமா?" என்றான் ஃபாரன்ட்.

"அறுவடை சமயத்துல வரும்."

"இது அறுவடை சமயமா?"

"இல்லை."

கால்வாய்ப் பாலத்தில் மருத்துவ நிலையத்தின் வெள்ளைக் கார் சாலைக்குக் குறுக்கே நின்றது. அதன் முன்னால் கையை விரித்துக்கொண்டு நர்ஸ் மரிவிக். பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள், ஊரிலேயே இளையவள். வந்த முதல் வாரத்திலேயே விரல் தூக்கக் கற்றுக்கொண்டவள். எல்வா சீராக பிரேக் அழுத்தி, நிறுத்தி, கை பிரேக்கையும் இழுத்தாள். மரிவிக் ஓடிவந்து ஜன்னலில் குனிந்தாள்.

"மேடம் எல்வா! சிரிங்க!"

"எதுக்கு?"

"சிரிங்க! பக்கவாதமா, வாய் கோணுதான்னு பாக்கணும். சரி... இப்ப ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"தூக்க மாட்டேன்."

மரிவிக்கின் முகம் வெளுத்தது. "முடியலையா? வலது கையா?"

"முடியும். தூக்க மாட்டேன்."

அதற்குள் அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான் டேரல். கையில் சக்கரம் கழற்றும் இரும்பு. "யாருய்யா நீ? எங்க கூட்டிட்டுப் போறே அதை?"

"போக்குவரத்துத் துறை" என்றான் ஃபாரன்ட். "டெஸ்ட் நடக்குது."

யாரோ பின்னால் "அட கடவுளே" என்றார்கள். யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. கைத்தடிகளோடும் கனத்த கோட்டுகளோடும் ஒவ்வொருவராக இறங்கி வந்து நின்றார்கள்.

ஃபாரன்ட் கையிலிருந்த தாள்களை மூடினான். "மன்னிக்கணும், மிஸஸ் நோஸ்கி. இது பாதியில நின்னுபோச்சு. இதை வெச்சு நான் எதுவும் முடிவு பண்ண முடியாது. அடுத்த மாசம் வேணா..."

"சனிக்கிழமை என் பிறந்தநாள்."

"தெரியும்."

எல்வா கதவைத் திறந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் பஸ்ஸின் பின்காட்டும் கண்ணாடியில் பார்த்த முகங்கள் சில அதில் இருந்தன. வழுக்கையும் தாடியும் வந்திருந்தன, அவ்வளவுதான்.

"டேரல். அந்த இரும்பைக் கீழே போடு."

ஐம்பத்தெட்டு வயசு டேரல் போட்டான்.

"மரிவிக், காரை எடு. எல்லாரும் வண்டியை ஓரங்கட்டுங்க. ரோட்டை விட்டு இறங்கி நில்லுங்க. நான் போகும்போது ஒருத்தன் விரல் எழுந்துது, அப்புறம் டாக்டர்கிட்ட நடந்துதான் போகணும். கை எல்லாம் பாக்கெட்டுக்குள்ள. லெஸ், உனக்கும்தான்."

பிறகு காரில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். "மிச்ச ரோடு இருக்கு. கதவைச் சாத்துங்க."

"மிஸஸ் நோஸ்கி, இவ்வளவு கூட்டத்துல..."

"ரோட்டுல நர்ஸ் குறுக்கே வந்தா நான் நிறுத்தினேனா இல்லையா? கூட்டம் இருந்தா எப்படிப் போறேன்னும் பாருங்க. அதுக்குத்தானே வந்தீங்க?"

ஃபாரன்ட் பின்பக்கம் பார்த்தான். முன்பக்கம் பார்த்தான். கதவைச் சாத்தினான்.

அவள் பாலத்தைத் தாண்டினாள். இரண்டு பக்கமும் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அவர்கள் நின்றார்கள், குற்றம் செய்துவிட்டுப் பிடிபட்டவர்களைப் போல. லெஸ்ஸுக்கு நடுங்கும் கை. அது கோட்டுக்குள் தானாக ஆடியது. யாரோ ஹட்டன்களையும் அழைத்துவந்திருந்தார்கள். அவர்கள் பின்சீட்டில் தங்கள் கைகளின்மேல் தாங்களே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தலையைக்கூட அசைக்கவில்லை. அத்தனை பேரையும் ஒரு சைகை இல்லாமல் தாண்டிப் போவது அந்தச் சாலையில் அவள் ஓட்டியதிலேயே நீளமான தூரம்.

குதிரடியில் திரும்பினாள். சொன்ன இடத்தில் பின்பக்கமாக நிறுத்திக் காட்டினாள். கூட்டத்தின் நடுவே மறுபடி வந்தாள். தபால் நிலைய வாசலில் ஃபாரன்ட் வெகுநேரம் எழுதினான்.

"தேறிட்டீங்க" என்றான். "இன்னைக்கு மாதிரியே ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும். எப்பவும்."

அவள் தாளை வாங்கிக் கைப்பையில் வைத்தாள். "ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி வரணும் இல்லையா? நீங்கதான் வருவீங்களா?"

"தெரியாது. மாத்தல் ஆயிருக்கலாம்."

"நான் இருப்பேன்" என்றாள் எல்வா.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தருகே அவர்கள் இன்னும் நின்றிருந்தார்கள், கைகள் பாக்கெட்டிலேயே. எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே. எல்வா ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். வலது கையை வெளியே நீட்டி, முழங்கையை மடக்காமல், ஐந்து விரலும் விரியத் தூக்கினாள். அத்தனை கைகளும் வெளியே வந்தன. டேரல் இரண்டையும் தூக்கினான்.

பின்கண்ணாடியில் ஃபாரன்டின் அரசாங்கக் கார் வருவது தெரிந்தது. பெரிய ஊருக்குப் போக அதே சாலைதான். அவள் கையை இறக்கவில்லை. அவன் முந்திக்கொண்டு போகும்போது அவனுக்கும் சேர்த்துத் தூக்கினாள். அவன் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. வெளியூர்க்காரன்.

கேட்டுக்கு வெளியே கீத் நின்றிருந்தான். காலையிலிருந்து நிற்கிறான் என்று அவன் மூக்குச் சிவப்பே சொல்லியது.

"என்ன ஆச்சு?"

"திங்கக்கிழமை உனக்கு ஊசி. ஏழு மணிக்கு ஹாரன் அடிப்பேன். போன தடவை மாதிரி தொப்பியைத் தேடிக்கிட்டு நிக்காதே, ஹட்டன்களும் வர்றாங்க."