ஹைகோர்ட் ஜட்ஜ் பதவிக்கு என் பெயரும் போனது

கறுப்புக் கோட்டு எல்லாருக்கும் ஒரே நிறம்தான். அதை எந்த ஊரில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். கடலூர், சிதம்பரம் கோர்ட்டுகளில் இருபத்தைந்து வருடமாக வாதாடுகிறேன். என்னைப் போன்ற மாவட்டக் கோர்ட் வக்கீல்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

யாருடைய ஜூனியர்?

ஹைகோர்ட் நீதிபதி பதவிக்கு என் பெயரும் பரிசீலனையில் இருக்கிறது என்று சென்னையிலிருந்து சம்மதம் கேட்டார்கள். கொடுத்தேன். அந்த வாரமே ஒரு அப்பீலுக்காகச் சென்னை போனபோது, வராந்தாவில் ஒரு மூத்த வக்கீல் வாழ்த்தினார். "எந்த சீனியர்கிட்ட இருந்தீங்க?" என்றார். சொன்னேன். கடலூர்க்காரர்; இவருக்குத் தெரியவில்லை. அரசு வக்கீலாக இருந்தீர்களா? இல்லை. வீட்டில் யாராவது ஜட்ஜ்? இல்லை. சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையுமாகக் கீழ்க்கோர்ட்டிலேயே நின்றவள் என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "அனுபவம் இருக்கு, சரி. ஆனா பின்னணின்னு ஒண்ணு வேணுமேம்மா!"

தெருவில் விசாரணை

அந்தப் பின்னணியை விசாரிக்க, மஃப்டியில் ஓர் உளவுத்துறை அதிகாரி தேவனாம்பட்டினத்தில் நான் பிறந்த தெருவுக்கே வந்துவிட்டார். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த என் சின்னம்மாதான் அகப்பட்டார்.

"வக்கீலம்மாவோட அப்பா என்ன தொழில்?"

"கடலுக்குப் போனாரு."

"அவுங்க அப்பா?"

"அவரும் கடலுக்குத்தான் போனாரு."

"குடும்பத்துல ஜட்ஜு, பெரிய வக்கீல் யாராவது?"

சின்னம்மா கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாராம்: "அப்புடி ஒருத்தரு இருந்தா நீ ஏன் சார் இந்த வெயில்ல இங்க வந்து கேக்கப் போற?"

வரவேற்புரை

நியமன அறிவிப்பு வந்தது. என் பெயர் இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன்.

புதிதாக நியமிக்கப்பட்ட ஒருவர் சிதம்பரத்தில் எங்கள் வக்கீல் சங்க விழாவுக்கு வந்தார். தாத்தா நீதிபதி, அப்பா பெரிய வக்கீல். வரவேற்புரை என் தலையில் விழுந்தது. "நல்லதா நாலு வார்த்தை போதும்க்கா" என்று கெஞ்சினார் சங்கச் செயலாளர், ஒரு காலத்தில் என் ஜூனியர்.

நல்லதாகவே நாலு வார்த்தை சொன்னேன். பிறகு சொன்னேன்: "சாட்சிக் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்களுக்கும் அந்த நாற்காலியில் இடம் வேண்டும். அப்பா யார் என்று கேட்காதீர்கள். வக்கீல் என்ன வழக்கு நடத்தினார் என்று கேளுங்கள்."

மேடையில் இருந்தவர்கள் விருந்தினரின் முகத்தைப் பார்த்தார்கள். கைதட்டல் பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. எனக்கு ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்கத் தோன்றவில்லை.

கீழே இறங்கியதும் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "முடிச்சிட்டீங்கக்கா. இனிமே உங்க பேரு அந்தப் பக்கமே போவாது. ஆனா அடுத்த வருசமும் வரவேற்புரை நீங்கதான்!"

ஜாமீன் மனு தள்ளுபடியானால் மறுபடி போடலாம் என்று கட்சிக்காரர்களுக்கு இத்தனை வருடம் தைரியம் சொன்ன நான், மறுபடி சம்மதம் கேட்டால் மட்டும் மாட்டேன் என்றா சொல்லிவிடுவேன்?